பினாங்கில் கோடைக்காலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

வகுப்பறை வாசல் (ஆயர் ஈத்தாம், பினாங்கு)
பிப்ரவரி 24, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். சென்ற வாரம் மாணவர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி, ‘தைப்பூசம் வந்தால் எங்கள் ஊரில் கோடைக்காலம் தொடங்கிவிடும், அதனால்தான் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல் போடுகிறார்கள்’ என்று எழுதியிருந்தாள். நான் சற்றும் யோசிக்காமல் ‘கோடைக்காலம்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, ‘தை மாதம் முன்பனிக் காலம்’ என்று ஓரத்தில் எழுதிவிட்டேன்.

மறுநாள் ஏட்டைப் பெற்றுக்கொண்ட சிறுமி என் மேசைக்கு வந்து, ‘டீச்சர், பனி எங்கே இருக்கிறது?’ என்று கேட்டாள். வகுப்பறையில் நான்கு மின்விசிறிகளும் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. என் சேலையின் முதுகுப்புறம் நனைந்திருந்தது. பதில் சொல்ல முடியவில்லை. கோடை தையில் தொடங்கும் என்பதைக் கெடாவில் தோட்டத்தில் வாழ்ந்த தன் பாட்டிதான் சொன்னதாக அவள் பிறகு கூறினாள்.

நாள்காட்டியைப் பார்த்தால் சித்திரையில் இளவேனில் என்கிறது. நான்கு பருவங்களைக் காட்டும் படங்களில் கோடை ஜூன் மாதத்தில் வருகிறது. தமிழ்நாட்டு உறவினர்கள் பங்குனியிலிருந்தே வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். இவற்றுள் எதை வைத்து அந்தச் சிறுமியின் வரியைத் திருத்துவது, அல்லது திருத்தாமலே விட்டிருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

நிலநடுக்கோட்டுக்காரன் (செந்தூல், கோலாலம்பூர்)
பிப்ரவரி 24, இரவு 10.02

ஆசிரியை அவர்களே, நீங்கள் சுழித்தது சரி. ஓரத்தில் எழுதியதுதான் தவறு. நம் நாட்டில் முன்பனியும் இல்லை, கோடையும் இல்லை. கோலாலம்பூரில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் இடையே சராசரி வெப்பநிலையில் உள்ள வேறுபாடு ஒரு பாகையைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஒரே நாளின் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே எட்டு ஒன்பது பாகை வேறுபாடு இருக்கிறது. ஆக, பருவம் மாறுவதை உணர வேண்டுமென்றால் இந்நகரில் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மணி நேரம் போதும்.

பகற்பொழுதின் நீளமும் அப்படித்தான். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள இடைவெளி கோலாலம்பூரில் ஏறத்தாழ 22 நிமிடம், உங்கள் பினாங்கில் 38 நிமிடம். இதனால்தான் நம் வானிலைத் துறை ஆண்டைக் கோடை, குளிர் என்று பிரிப்பதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, இவற்றுக்கிடையே இரண்டு மாறுகாலங்கள் என்று காற்றை வைத்தே பிரிக்கிறது. வெப்பத்தை அது நாள் கணக்கில்தான் அளக்கிறது: ஓரிடத்தின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாட்கள் 35 முதல் 37 பாகை வரை இருந்தால் முதற்கட்ட எச்சரிக்கை, 37ஐத் தாண்டி 40 வரை சென்றால் வெப்ப அலை, 40க்கு மேல் கடும் வெப்ப அலை. மாணவி ‘வறட்சிக் காலம்’ என்று எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

பால்மரத்து மகன் (பட்டர்வொர்த்)
பிப்ரவரி 25, காலை 6.40

செந்தூல் நண்பர் எண்களைச் சரியாகச் சொல்கிறார். ஆனால் கோலாலம்பூரின் எண்களை வைத்துக்கொண்டு வடக்கே இருப்பவர்களிடம் ‘உங்களுக்குக் கோடை இல்லை’ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். என் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். அந்தச் சிறுமியின் பாட்டி எதைக் கோடை என்று சொன்னார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

பொங்கல் முடிந்து சீனப் புத்தாண்டு நெருங்கும்போது மரங்களின் இலைகள் மஞ்சளாகி, செம்பழுப்பாகி உதிரத் தொடங்கும். அதுவரை நண்பகலிலும் இருட்டாக இருந்த நிரைகளில் வெயில் நேராக இறங்கும். காய்ந்த சருகின் மேல் நடந்தால் அப்பளத்தை நொறுக்குவது போன்ற ஓசை இரண்டு நிரை தள்ளி இருப்பவருக்கும் கேட்கும். சருகில் தீப்பிடித்துவிடக் கூடாது என்பதற்காகத் தோட்டத்தில் பீடி பிடிப்பவர்களைக் கங்காணி விரட்டிக்கொண்டிருப்பார். மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) இறங்கும் பால் பாதியாகக் குறையும். எடைக்குத்தான் கூலி என்பதால் வீட்டுச் சமையலும் அந்த அளவுக்குக் குறையும். பால் குறைகிறது என்று என் தாயார் ஒருநாளும் சொன்னதில்லை, ‘கோடை வந்துவிட்டது’ என்றுதான் சொல்வார். கடைக்காரரிடம் கடன் கேட்கப் போகிறோம் என்று அதற்கு அர்த்தம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மரம் இலை உதிர்க்கும் இதே நிகழ்ச்சியைத் துரைமார்கள் ‘விண்டரிங்’ என்று எழுதினார்கள். ரப்பர் ஆராய்ச்சி நூல்களில் இன்றுவரை அந்தச் சொல்தான் வழங்குகிறது. அவர்கள் ஊரில் மரம் மொட்டையானால் குளிர்காலம் என்று பொருள், ஆகவே இங்கும் அதைக் குளிர்காலம் என்றே அழைத்தார்கள். ஒரே தோட்டத்தில், ஒரே மரத்தடியில், ஒரே மாதத்தை பங்களாவில் இருந்தவர் குளிர்காலம் என்றும் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருந்தவர் கோடை என்றும் சொன்னார்கள். லயத்துச் சொல் எந்த நூலிலும் ஏறவில்லை என்பதற்காக அதைத் தவறு என்று சொல்ல முடியுமா?

ஏட்டுச்சுவடி (தைப்பிங்)
பிப்ரவரி 25, காலை 11.20

ஆசிரியைக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு பெரும்பொழுதுகள் பற்றிய பகுப்பைப் பள்ளியில் கற்பிக்கும்போது அது தமிழகத்தின் நிலத்துக்கும் வானத்துக்கும் உரியது என்பதைச் சேர்த்தே கற்பிக்க வேண்டும். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். தொல்காப்பியம் பொழுதுகளைக் காரிலிருந்துதான் சொல்லத் தொடங்குகிறது, வேனிலிலிருந்து அல்ல. மழையை எதிர்நோக்கி வாழ்ந்தவர்கள் வகுத்த வரிசை என்றே அதை நான் கொள்கிறேன்.

அடுத்து, ‘கோடை’ என்ற சொல். இன்று அதை வெயில் காலம் என்ற ஒரே பொருளில் வழங்குகிறோம். பழந்தமிழில் அது முதன்மையாக ஒரு காற்றின் பெயர். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பால் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, வெம்மையோடு இறங்கி வரும் அந்த மேல்காற்று வீசும் காலமே கோடைக்காலம் ஆயிற்று. வெயிலைக் குறிக்கும் பழஞ்சொல் வேண்டுமென்றால் அது ‘வேனில்’.

மலாயில் ‘மூசிம்’ என்கிறார்களே, அது அரபு மொழியின் ‘மவுசிம்’ என்பதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ‘மான்சூன்’ என்ற சொல்லுக்கும் அதுவே மூலம். கடலோடிகளுக்குக் காற்று மாறுவதுதான் பருவம் மாறுவது. பாய்மரக் கப்பல்கள் காற்று திரும்பும்வரை காத்துக் கிடந்த துறைமுகம் பினாங்கு. அங்கே கோடையை நாள்காட்டியில் தேடுவானேன்?

மூன்றாவதாக, அந்தச் சிறுமிக்கு இலக்கணத்திலேயே ஓர் ஆதரவு இருக்கிறது. பாலைத் திணைக்குரிய பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். அதோடு தொல்காப்பியம் நிற்கவில்லை. பின்பனியும் பாலைக்கு உரியது என்கிறது. பின்பனி என்பது மாசியும் பங்குனியும். இரவில் பனி பெய்தாலும் பகலில் நிலம் காயத் தொடங்கிவிட்ட மாதங்கள் அவை. தைப்பூசம் கழிந்தால் மாசி எவ்வளவு தூரம்?

கத்திரிவெயில் (சுங்கை டுவா, பினாங்கு)
பிப்ரவரி 25, பிற்பகல் 1.05

ஐயாவின் மூன்றாவது கருத்தோடு உடன்பட இயலவில்லை. பின்பனி பாலைக்கு உரியதாகச் சொல்லப்பட்டது பிரிவுத் துயரைக் காட்டுவதற்காகவே அன்றி, வெப்பத்தை அளப்பதற்காக அன்று. பனிக்காலத்தின் நீண்ட இரவில் தலைவி தனித்திருப்பது துயரைக் கூட்டும். அகப்பொருள் இலக்கணத்தை வெப்பமானியாகப் பயன்படுத்தக் கூடாது.

ஏட்டுச்சுவடி
பிப்ரவரி 25, பிற்பகல் 3.48

கத்திரிவெயில் அவர்கள் சொல்வது நியாயமான மறுப்பு. அந்த நூற்பாவிலிருந்து பகல் வெப்பத்தைப் பெறுவது என் வாசிப்பே தவிர உரையாசிரியர் துணை கொண்டு சொன்னதன்று. பின்வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ‘கோடை’ காற்றின் பெயர் என்பதில் மாற்றமில்லை.

பஞ்சாங்கப் பித்தன் (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)
பிப்ரவரி 25, இரவு 11.30

கத்திரிவெயில் என்று ஒருவர் பெயர் வைத்துக்கொண்டிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அக்கினி நட்சத்திரம் ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. சூரியன் கார்த்திகை விண்மீனையும் அதன் இருபுறத்தை ஒட்டிய பகுதிகளையும் கடக்கும் நாட்கள் அவை. சென்னையின் தலைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஏப்ரல் 24ஐ ஒட்டி. நிலம் சூடேறச் சற்றுக் காலம் பிடிக்கும், அதன் பிறகு கத்திரி உச்சத்தை எட்டும், ஜூனில் மேகம் சூழத் தொடங்கியதும் தணியும். ஆகவே தமிழ்நாட்டுக்கு அது பொருத்தமான கணக்குதான்.

ஆனால் இந்தக் கணக்கு எக்காலத்துக்கும் பொருந்தி நிற்காது. நம் பஞ்சாங்கம் சூரியன் எந்த விண்மீனுக்கு நேராக நிற்கிறது என்பதைப் பார்த்து மாதத்தைத் தொடங்குகிறது. பருவமோ, சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பூமியின் அச்சு மெதுவாகத் தலைசுற்றுவதால் இவ்விரண்டும் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே போகின்றன. ஒரு காலத்தில் சித்திரை முதல் நாள், பகலும் இரவும் சமமாக உள்ள நாளை ஒட்டியே இருந்தது. இன்று அந்தச் சமநாள் மார்ச் 20 அல்லது 21இல் வருகிறது, சித்திரை ஏப்ரல் 14இல் பிறக்கிறது. இருபத்து நான்கு நாட்கள் கைவிட்டுப் போயிற்று. தைத் திருநாளன்று சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறது என்கிறோம், வானத்தில் அது டிசம்பர் 21, 22இலேயே திரும்பிவிடுகிறது. ஆகவே ‘தை முன்பனி’ என்று ஆசிரியை ஓரத்தில் எழுதியது பினாங்கில் மட்டுமல்ல, இன்னும் சில ஆயிரம் ஆண்டுகளில் தஞ்சாவூரிலும் தவறாகிவிடும். அதுவரை யாரும் கவலைப்பட வேண்டியதில்லை என்பது வேறு.

மேல்நாட்டார் கணக்கில் மட்டும் குழப்பமில்லை என்று எண்ண வேண்டாம். வானியல் கணக்கில் கோடை ஜூன் 21இல் தொடங்கி செப்டம்பர் 22, 23இல் முடிகிறது. ஆனால் ஆங்கிலேயரின் பழைய வழக்கில் ஜூன் 24 நடுக்கோடை நாள். கோடை தொடங்கி மூன்றாம் நாளே அதன் நடுப்பகுதி வந்துவிடுகிறது! பதிவேடுகளை ஒப்பிட வசதியாக இருக்கும் என்று அவர்களுடைய வானிலையாளர்கள் ஜூன் 1 முதல் ஆகஸ்டு 31 வரை என்று மூன்று முழு மாதங்களை எடுத்துக்கொள்கிறார்கள். சீனர்களின் இருபத்து நான்கு பருவக் கூறுகளில் கோடை மே 5, 6 வாக்கில் தொடங்குகிறது. மிக நீண்ட பகல் கோடையின் நடுவில் வருகிறது. எனக்கு அதுவே ஒழுங்கான கணக்காகத் தெரிகிறது. சீன வானிலையாளர்கள் வேறொரு முறையும் வைத்திருக்கிறார்கள்: தொடர்ந்து ஐந்து நாட்கள் சராசரி வெப்பநிலை 22 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் கோடை தொடங்கியது. அந்த முறையைப் பினாங்குக்குக் கொண்டுவந்தால் இங்கே கோடை தொடங்கியதும் இல்லை, முடியப்போவதும் இல்லை. சுவீடனிலோ பத்துப் பாகை போதும். நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருந்தால் அவர்களுக்குக் கோடை.

பெர்த்தில் பாதி மனம் (ஜெலுத்தோங், பினாங்கு)
பிப்ரவரி 26, காலை 8.12

என் மகள் பெர்த்தில் படிக்கிறாள். அங்கே டிசம்பர் 1 கோடையின் முதல் நாள், பிப்ரவரி கடைசியோடு முடிவு என்று அரசாங்கம் முதல் கடைகள் வரை எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஆனால் அந்நிலத்தின் பூர்வகுடிகளான நூங்கர் மக்கள் ஆண்டை நம்மைப் போலவே ஆறாகப் பிரிக்கிறார்கள் என்று மகள் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. டிசம்பர், ஜனவரி ‘பிராக்’, முதற்கோடை. பிப்ரவரி, மார்ச் ‘புனூரு’, இரண்டாம் கோடை. நம் இளவேனில், முதுவேனில் போல. இரண்டாம் கோடையே கடுமையானதாம். மார்ச் மாதத்தில் தொலைபேசியில் பேசும்போது, அரசாங்கக் கணக்கில் முடிந்துவிட்ட கோடையில் அவள் வியர்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த இழையைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவள் அங்கே பிப்ரவரியில் ‘அம்மா, வெயில் தாங்கவில்லை’ என்கிறாள், நானும் இங்கே அதையேதான் சொல்கிறேன். வடகோளத்தில் இருக்கும் நான் தென்கோளத்தின் கோடையை வாழ்ந்துகொண்டிருக்கிறேனா?

நிலநடுக்கோட்டுக்காரன்
பிப்ரவரி 26, இரவு 9.50

அம்மையாரின் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை தேடப் போய் என் முதல் பதிவைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

பெர்த்தில் பிப்ரவரி சுடுவது சூரியனின் சாய்வால். பினாங்கில் சுடுவதற்கு முதற்காரணம் மேகமின்மை. வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழை முதலில் கிளந்தான், திரங்கானு கரையில் கொட்டித் தீர்கிறது. பிறகு தித்திவாங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் கெடா, பெர்லிஸ், பினாங்கு மூன்றும் அம்மலையின் மறைவில் காய்கின்றன. ஜனவரியும் பிப்ரவரியும் உங்களுக்கு மழை குறைந்த மாதங்களாக இருப்பது இதனால்தான். கிளந்தானின் கோத்தா பாருவில் சென்ற மாதம்வரை வெள்ளத்தில் நனைந்த பாயை உலர்த்திக்கொண்டிருப்பவரிடம் கோடை வந்துவிட்டது என்று சொன்னால் சிரிப்பார்.

சூரியனை மட்டும் வைத்துக் கோடையை முடிவுசெய்ய முடியாது என்பதற்குப் பினாங்கைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஜார்ஜ் டவுன் 5.4 பாகை வடக்கில் இருக்கிறது. ஆகவே சூரியன் ஆண்டுக்கு இருமுறை அதன் உச்சிக்கு வருகிறது: ஏப்ரல் 3ஐ ஒட்டி ஒருமுறை, செப்டம்பர் 8, 9ஐ ஒட்டி மறுமுறை. இருமுறையும் அதே சூரியன், அதே உயரம். ஆனால் ஏப்ரலுக்கு முந்திய வாரங்களில் புல் கருகுகிறது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் உங்கள் தெருவில் வெள்ளம் ஏறுகிறது.

இன்னொன்று. மார்ச் மாதம் வந்தால், ‘சமநாள் வெப்பத்தால் ஐந்து நாட்களுக்கு வெப்பநிலை 40 பாகையைத் தொடும், வெளியே செல்லாதீர்கள்’ என்று ஒரு செய்தி புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றத் தொடங்கும். தயவுசெய்து அதைப் பகிராதீர்கள். சமநாளால் வெப்பம் திடீரென்று உயர்வதில்லை. இந்நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 பாகை; 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸின் சூப்பிங்கில் பதிவாயிற்று. அது வலுவான எல் நினோ ஆண்டு, அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி வானிலையை மாற்றிய ஆண்டு. 2016 மார்ச்சில் பெர்லிஸ், கெடா பள்ளிகளை வெயிலுக்காக மூடினார்களே, அதுவும் எல் நினோவின் கைவரிசைதான்.

ஆகவே வடக்கே ‘காய்ந்து சுடும் பருவம்’ ஒன்று உண்டு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதைக் கோடை என்று அழைப்பதில் எனக்குள்ள தயக்கம் தொடக்கத்தைப் பற்றியதன்று. அது எப்போது முடிகிறது? தோட்டத்து நண்பர் தொடக்கத்துக்கு இலையைச் சாட்சியாகக் கொண்டுவந்தார். முடிவுக்கு என்ன சாட்சி வைத்திருக்கிறார்?

பால்மரத்து மகன்
பிப்ரவரி 27, காலை 6.25

சாட்சி இருக்கிறது, ஆனால் ஒன்றல்ல, மூன்று. அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மரம் புதுத்தளிர் விட்டுத் தளிர் முற்றி நிழல் கூடினால் கோடை முடிந்தது என்பார் என் தந்தையார். அது பெரும்பாலும் மார்ச் மாதத்திலேயே நடந்துவிடும். என் தாயாருக்கு அது போதாது. மங்கில் பால் பழைய அளவுக்கு ஏற வேண்டும், அதற்கு மேலும் சில வாரங்கள் ஆகும். கிணற்றடியில் இருந்த பெரியவர்களோ பிற்பகல் இடியைக் கணக்கு வைத்திருந்தார்கள். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ நாள்தோறும் மூன்று நான்கு மணிக்கு வானம் கறுத்து, இடி இடித்து, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும் மழை தொடங்கிவிட்டால் கோடை போயிற்று. ஒரு நாள் பெய்தால் கணக்கில்லை, அது புழுக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். அடுத்தடுத்துப் பெய்ய வேண்டும்.

ஒரே வீட்டில் மூன்று முடிவுகள் இருந்தன, யாரும் சண்டையிட்டுக்கொள்ளவில்லை. தந்தையார் நிழலைப் பார்த்தார், தாயார் கூலியைப் பார்த்தார், பெரியவர்கள் கிணற்றைப் பார்த்தார்கள்.

தோட்டக்காரன் மருமகன் (பாலிக் புலாவ்)
பிப்ரவரி 27, காலை 10.15

நான்காவது சாட்சியாக டுரியான் மரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில வாரங்கள் மழையின்றிக் காய்ந்தால்தான் அது பூக்கும். பூத்து மூன்று, மூன்றரை மாதங்களில் பழம் விழும். மே, ஜூனில் பழம் நிறைய விழுந்தால் பிப்ரவரியில் நல்ல கோடை இருந்தது என்று பொருள். என் மாமனார் கோடையைப் பற்றி ஜூன் மாதத்தில்தான் கருத்துச் சொல்வார்.

கத்திரிவெயில்
பிப்ரவரி 27, பிற்பகல் 12.40

எல்லாம் சரி, ஜூன், ஜூலையில் வரும் இரண்டாவது உலர்ந்த காலத்தை ஏன் யாரும் பேசவில்லை? தென்மேற்குப் பருவக்காற்று என்று பெயர்தான். சுமத்திரா தீவு குறுக்கே நிற்பதால் கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்போது மழை குறைகிறது. 1997, 2015 போன்ற ஆண்டுகளில் புகைமூட்டம் வந்ததும் அந்தக் காற்றில்தான். ஏட்டுச்சுவடி ஐயாவின் கணக்குப்படி மேற்கிலிருந்து வீசும் காற்றே கோடை என்றால், மலேசியாவின் உண்மையான கோடை அதுவாக அல்லவா இருக்க வேண்டும்? தையில் வீசுவது வடகிழக்குக் காற்று. பழஞ்சொல்லில் அதை வாடையின் பக்கம்தான் சேர்க்க வேண்டும். வாடை வீசும்போது கோடை என்று எழுதிய சிறுமிக்கு எப்படி மதிப்பெண் கொடுப்பது?

ஏட்டுச்சுவடி
பிப்ரவரி 27, மாலை 5.30

நன்றாகக் கேட்டீர்கள். சொல் கடல் கடக்கும்போது காற்றை அங்கேயே விட்டுவிட்டு வெம்மையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. தண்ணீர்ப்பந்தலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் பந்தல் போடுவது பங்குனி, சித்திரையில். பினாங்கில் அது தைப்பூசத்தோடு ஒட்டிக்கொண்டது. காவடி எடுப்பவரின் கால் சுடாமல் இருக்கத் தார்ச்சாலையில் நீர் தெளிக்கும் மாதத்தை முன்பனி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லின் வேரைப் பார்த்தால் நீங்கள் வென்றீர்கள், வழக்கைப் பார்த்தால் சிறுமி வென்றாள். சொற்பொருளில் இறுதித் தீர்ப்பு வழக்குக்கே உரியது என்பதை இலக்கணம் கற்ற எவரும் மறுக்க மாட்டார்.

வகுப்பறை வாசல்
மார்ச் 2, இரவு 8.45

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்று அந்தச் சிறுமியின் ஏட்டைத் திரும்ப வாங்கி, நான் ஓரத்தில் எழுதியதை அடித்துவிட்டு, அவள் சொல்லைச் சுற்றிய வட்டத்தை மட்டும் அப்படியே விட்டேன். வட்டத்துக்குப் பக்கத்தில் ‘பாட்டியிடம் கேள்: எப்போது முடியும்?’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

‘விண்டரிங்’ செய்தியை வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் நெடுநேரம் சிரித்தார்கள். இந்த வகுப்பில் பால்மரத்தை நேரில் பார்த்தவர்கள் இருவர் மட்டுமே என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

செந்தூல் நண்பர் சொன்ன ஏப்ரல் 3ஐ வைத்து ஒரு முயற்சி செய்ய விரும்புகிறேன். திடலில் ஒரு கம்பை நட்டு நிழலை அளந்தால், அன்று நிழல் இல்லாமல் போகுமா? எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும்? பன்னிரண்டு மணிக்கா?

பஞ்சாங்கப் பித்தன்
மார்ச் 2, இரவு 10.20

பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நம் கடிகாரம் 120ஆம் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, பினாங்கோ நூறாவது ரேகையை ஒட்டி இருக்கிறது. 1982 ஜனவரி 1இல் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள் என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஏப்ரல் 3இல் உங்களுக்கு உண்மையான நண்பகல் பிற்பகல் 1.22. கம்பைத் தூக்குநூல் கொண்டு செங்குத்தாக நட வேண்டும். மூன்று நாள் முன்பே அளக்கத் தொடங்குங்கள். அதுவரை நண்பகல் நிழல் வடக்குப் பக்கம் சிறிதளவு விழும், அதன் பிறகு தெற்குப் பக்கம் மாறி, செப்டம்பர்வரை அங்கேயே விழும். மேகம் வந்தால் மறுநாள் பாருங்கள். ஒரு நாள் தவறினாலும் வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

நிலநடுக்கோட்டுக்காரன்
மார்ச் 2, இரவு 10.41

வெப்பமானியும் ஒரு மழைமானியும் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரிலும் அதே கம்பை நட்டுப் பார்த்தால், நிழல் ஒன்றாகவும் மழை வேறாகவும் இருப்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள். கம்பு சுவர் ஓரமாக இருக்க வேண்டாம்.

வகுப்பறை வாசல்
மார்ச் 3, காலை 6.50

மிக்க நன்றி. பிற்பகல் 1.22 என்பதில்தான் சிறு சிக்கல். ஒரு மணிக்கு மணி அடித்ததும் பாதி மாணவர்களை ஏற்றிச்செல்ல வேன்கள் வாசலில் வந்து நிற்கும். பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். வேன் ஓட்டுநர்களிடம் அந்த மூன்று நாட்கள் மட்டும் அரை மணி நேரம் காத்திருக்க முடியுமா என்று இன்று கேட்கப் போகிறேன். நிழலில் நிறுத்திக்கொள்ளச் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் இடம் இருக்கிறது.